எய்ட்ஸ் அச்சமும் இரத்தச் சோதனையும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? மலைச் சாரல் முகத்தில் அடிக்கும். குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் சுற்று வட்டார ஊர்களில் சளியும் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து போவது வழக்கம்.

வடகரையில் ஓர் இளைஞர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வாரங்களுக்கு முன் வெளியூரில் ஒரு பெண்ணுடன் உறவு கொண்டார். ஆணுறை அணிந்திருந்தார், அது கிழியவும் இல்லை. இப்போது அவருக்குக் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. வீட்டார் அதைச் சாரல் காய்ச்சல் என்கிறார்கள். அவர் மனமோ ‘எய்ட்ஸ்’ என்கிறது. வெளியே சொல்ல வெட்கம். உள்ளே வைத்திருக்கப் பயம். உறக்கம் போய்விட்டது.

அவர் அஞ்சுவது சரிதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வைரசு நுழையும் வழி

எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்ற வைரசு, இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் போன்ற சில திரவங்களின் வழியாகவே பரவுகிறது. தழுவுவதாலும், சாதாரணமாக முத்தமிடுவதாலும், ஒரே அருவியில் குளிப்பதாலும் பரவாது. ஆணுறை கிழியாமலும் நழுவாமலும் இருந்தால் வைரசுக்கு வழி அடைபடுகிறது.

ஆணுறை இல்லாவிட்டால்? துணைக்கு எச்.ஐ.வி. இருக்கும் நிலையில், ஒரு முறை நிகழும் ஆண்-பெண் உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் 4, பெண்ணுக்கு 8 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பால்வினை நோய்ப் புண்கள் இருந்தால் இது கூடும். ஆகவே அலட்சியமும் கூடாது. ஒரு முறை உறவு கொண்டாலே நோய் நிச்சயம் என்று நடுங்கவும் வேண்டாம்.

ஒரே குரைப்பு, பல விருந்தாளிகள்

எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, நெறி கட்டுதல் ஆகியவை வருவது உண்மை. சிலருக்கு ஒன்றுமே வராது. ஃபுளூவிலும் டெங்குவிலும் இவற்றில் பல வருகின்றன. ஏன் இந்த ஒற்றுமை?

காய்ச்சலை உண்டாக்குவது பெரும்பாலும் உடலின் காவற்படையே. எந்தக் கிருமி நுழைந்தாலும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூளைக்குச் சென்று உடல் வெப்பத்தை உயர்த்துகின்றன. வெள்ளணுக்கள் பெருகும் நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. வீட்டு நாய் பூனையைக் கண்டாலும் குரைக்கும், திருடனைக் கண்டாலும் குரைக்கும். குரைப்பை மட்டும் கேட்டு வந்தது யார் என்று சொல்ல முடியுமா? காய்ச்சலை வைத்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான்.

அச்சமே நோய்க்குறியாகும்போது

அஞ்சும்போது அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, வியர்க்கிறது. குடலின் இயக்கம் மாறி வயிற்றுப்போக்கும் வரலாம். பல நாள் பசியும் உறக்கமும் கெட்டால் எடை குறைகிறது. இளைஞரோ எடைக் குறைவையும் வயிற்றுப்போக்கையும் எய்ட்ஸின் அடையாளங்களாகப் படித்திருக்கிறார். ஆகவே மேலும் அஞ்சுகிறார். நெறியை நாளுக்குப் பத்துத் தடவை அழுத்திப் பார்க்கிறார்; அழுத்திய இடம் வலிக்கிறது. அந்த வலியையும் நோய்க்குறிகளோடு சேர்த்துக் கொள்கிறார்.

இந்த வேதனை கற்பனை அன்று. படபடப்பும் வலியும் உண்மையானவை. அவற்றுக்குக் காரணம் வைரசு என்ற முடிவுதான் தவறு.

1986-இல் கிடைத்த பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு மாதிரிகளில் வைரசு தொற்றியதற்கான அடையாளம் தெரிந்தது. முகத்தைப் பார்த்தோ காய்ச்சலைப் பார்த்தோ அல்ல, இரத்தத்தைச் சோதித்தே அவர் கண்டுபிடித்தார். இன்றைக்கும் சோதனை செய்தால்தான் தெரியும்.

எப்போது சோதிப்பது?

வைரசு நுழைந்த மறுநாளே சோதனையில் தெரியாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு சேரும்வரை உள்ள இடைவெளியை ‘விண்டோ பீரியட்’ என்பர். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுச் சோதனைக்கு இது 23 முதல் 90 நாட்கள். வைரசின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள். இடையில் வேறு தொடர்பு இல்லாதபோது, 90 நாட்களுக்குப் பின் ‘இல்லை’ என்று வந்தால் இல்லைதான்.

ஆணுறை கிழிந்தது போன்ற உண்மையான ஆபத்து நேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால், 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து தருவார். எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். உங்கள் ஒப்புதல் இன்றிச் சோதிப்பதையும் முடிவைப் பிறரிடம் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

முடிவை நம்புங்கள்

சிலர் 90 நாள் முடிவையும் நம்பாமல் ஊர் ஊராகச் சென்று, கடன் வாங்கியும் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு முடிவும் இரண்டு நாள் நிம்மதி தரும். பிறகு ஐயம் திரும்பி வரும். அங்கே மருந்து தேவைப்படுவது அச்சத்துக்கு. பல சமயம் அதன் அடியில் ‘தவறு செய்துவிட்டேன்’ என்ற உறுத்தல் இருக்கிறது. எந்த இரத்தச் சோதனையும் அந்த உறுத்தலைப் போக்காது. மனநல மருத்துவரிடம் பேசினால் குணமாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் பேசலாம்.

ஒருவேளை தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும் வாழ்வு முடிந்துவிடவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்படச் சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. அதைக் காலத்தில் தொடங்கித் தவறாமல் உட்கொள்வோர், மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்கள்.

வடகரை இளைஞருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: காய்ச்சலுக்கு இன்றே மருத்துவரைப் பாருங்கள்; அது டெங்குவாகவும் இருக்கலாம். உரிய நாளில் ஒரு முறை இரத்தத்தைச் சோதியுங்கள். பிறகு கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.