புதுக் கம்ப்யூட்டரில் கேம் திணறுகிறதா? செலவு செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்!

பார்ட்ஸ்களைத் தேர்ந்தெடுத்து, அசெம்பிள் செய்து, புதுக் கம்ப்யூட்டரை வீட்டிற்குக் கொண்டு வந்துவிட்டீர்கள். பட்ஜெட்டில் பெரும்பகுதியை கிராபிக்ஸ் கார்டே விழுங்கியிருக்கும். ஆசையாக ஒரு கேமைத் திறந்தால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. “கார்டு போதாது, இதைவிடப் பெரியதாக வாங்குங்கள்” என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். புது கம்ப்யூட்டரில் இந்தப் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் பார்ட்ஸ் அல்ல, அவற்றை இணைத்த விதமும் செட்டிங்குகளும்தான். கீழே உள்ளவற்றைச் சரிபார்க்கப் பணம் செலவாகாது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் அளந்து பாருங்கள்

கேம் ஓடும்போது விண்டோஸ் கீயுடன் ஜி கீயை அழுத்துங்கள். கேம் பார் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற சிறு விண்டோவில் சிபியு, ஜிபியு, ராம் ஆகியவை எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்பதைக் காணலாம். எஃப்பிஎஸ் என்பது ஒரு விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. முதல் முறை இதைக் காட்ட அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எஃப்பிஎஸ் 60 இருந்தால் பெரும்பாலான கேம்கள் சீராக ஓடும். 30-க்குக் கீழே போனால் திணறல் கண்ணுக்கே தெரியும்.

ஜிபியு 95 சதவீதத்திற்கு மேல் இருந்தால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது என்று பொருள். எஃப்பிஎஸ் குறைவாக இருக்கும்போது ஜிபியுவும் 40, 50 சதவீதத்தில் நின்றால், கார்டை வேறு ஏதோ தடுக்கிறது. இந்த நிலையில் பெரிய கார்டு வாங்கினாலும் பலன் இருக்காது.

மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டுள்ளது?

சிபியு கேபினட்டின் பின்புறம் பாருங்கள். யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு அருகில் ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். அது மதர்போர்டுக்கு உரியது. அதற்குக் கீழே, படுக்கை வசத்தில் தனியாக இருக்கும் போர்ட்டுகள்தான் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியவை. கேபிளை மேலே உள்ள போர்ட்டில் செருகினாலும், பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால், படம் நன்றாகவே தெரியும். ஆனால் கேம் பெரும்பாலும் அந்தச் சிறிய கிராபிக்ஸில்தான் ஓடும். நீங்கள் வாங்கிய கார்டு சும்மா இருக்கும். கேபிளைக் கழற்றி, கார்டில் உள்ள ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட்டில் செருகுங்கள். பலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

டிரைவர் இருக்கிறதா?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற பிரிவில் உங்கள் கார்டின் பெயர் இருக்க வேண்டும். “மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்” என்று மட்டும் இருந்தால் கார்டுக்கு உரிய டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றில் உங்கள் கார்டு எதைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களை நாட வேண்டாம்.

ராம் முழு வேகத்தில் ஓடுகிறதா?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்பார்மன்ஸ் டேபில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். அங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஸ்பீடு. 3200 வேகம் என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம், 2133 அல்லது 2400 என்று காட்டலாம். 6000 வேக டிடிஆர்5 ராம், 4800 என்று காட்டலாம். ராம் பழுதல்ல. அச்சிட்ட வேகத்தை நாம்தான் பயாஸில் ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் சென்று, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை எனேபிள் செய்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். அதன் பின் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனால், பழையபடி டிஸேபிள் செய்துவிடலாம்.

இரண்டு, எத்தனை ஸ்லாட்டுகள் பயன்படுகின்றன என்பது. 16 ஜிபி ராம் ஒரே துண்டாக இருந்தால், தகவல் ஒரு சேனல் வழியாகத்தான் போகும். 8 ஜிபி ராம் இரண்டு இருந்தால் இரு சேனல்களும் சேர்ந்து உழைக்கும். இரண்டு ராம்களைப் போட்டிருந்தும் பலன் தெரியாவிட்டால் அவை இருக்கும் ஸ்லாட்டுகளைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுகளே சரி. போர்டுடன் வந்த புத்தகத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூடு ஏறுகிறதா?

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறினால் சூட்டைச் சந்தேகியுங்கள். பிராசசர் தன் எல்லையைத் தொட்டால், கருகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த எல்லை பல மாடல்களில் 90 முதல் 100 டிகிரி வரை இருக்கும். மின் இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகு கேபினட்டைத் திறந்து பாருங்கள். கூலர் அசையாமல் இறுகி இருக்கிறதா? அதன் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுத்தான் பொருத்தினார்களா என்று அசெம்பிள் செய்தவரிடம் கேளுங்கள். கேபினட்டைச் சுவரோடு ஒட்டியோ, மேஜைப் பெட்டிக்குள் அடைத்தோ வைக்காதீர்கள்.

மானிட்டரும் கேம் செட்டிங்கும்

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தாலும் விண்டோஸ் அதை 60-லேயே வைத்திருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று ரெப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, ஜிபியுவும் முழுமையாக உழைத்து, எஃப்பிஎஸ் மட்டும் குறைவாக இருந்தால் கேமின் செட்டிங்கைக் குறைக்க வேண்டியதுதான். 4கே ரெசல்யூஷனில் உள்ள புள்ளிகள் 1920 x 1080 ரெசல்யூஷனைப் போல நான்கு மடங்கு. கார்டின் சுமையும் அதற்கேற்ப ஏறும். முதலில் ஷேடோ, ரே டிரேசிங் ஆகியவற்றைக் குறையுங்கள். டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் வசதி கேமில் இருந்தால் ஆன் செய்து பாருங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, எஃப்பிஎஸ் எண்ணை ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஐந்தாறு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாவிட்டால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். “கேம் ஸ்லோவாக இருக்கிறது” என்று மட்டும் சொல்பவருக்கு இன்னொரு பார்ட்டை விற்றுவிடலாம். எண்களோடு வருபவரிடம் அது எளிதல்ல. வாரன்டி காலத்திற்குள் பழுதான பார்ட்டை மாற்றிக் கேட்பதற்கும் அதுவே உங்களுக்குக் கை கொடுக்கும்.