சொல்லிக்கொள்ள நேரமில்லை

அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தன்னார்வலர்கள் வழக்கமாக இரண்டு ஆண்டுகள் அயல்நாட்டு ஊர்களில் தங்குவார்கள். பள்ளியில் பாடம் நடத்துவார்கள்; விவசாயத்துக்கும் சுகாதாரப் பணிக்கும் கைகொடுப்பார்கள். 2020 மார்ச் 15 அன்று, கொரோனா பரவியதால், சுமார் 60 நாடுகளில் இருந்த ஏறத்தாழ 7,000 பேரையும் உடனே திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. 1961-இல் அமைப்பு தொடங்கியதிலிருந்து எல்லாரையும் ஒரேயடியாகத் திரும்ப அழைத்தது அதுவே முதல்முறை. பெட்டி கட்டத்தான் நேரம் இருந்தது. வகுப்புப் பிள்ளைகளிடமும், சோறு போட்ட வீட்டாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே பலர் கிளம்பினார்கள். அந்த மனக்குறையைத் திரும்பி வந்த பிறகும் பேசினார்கள். தன்னார்வலர்கள் மறுபடி வெளிநாடு போனது 2022 மார்ச்சில். முதலில் சாம்பியாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும்.