தாளில் வரைந்த ஊர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நோயுற்றுப் படுக்கும்போது அவர்களுக்கு ஊரும் உறவும் மொழியும் தொலைவாகிவிடுகின்றன. உள்ளூரில் பிறந்தவருக்கும் மருத்துவமனையில் தாம் ஒரு படுக்கை எண்ணாகச் சுருங்கிவிட்டதாகத் தோன்றுவதுண்டு. அத்தகைய நாட்களில் தம் அடையாளத்தைக் கோடுகளால் காத்துக்கொண்ட ஓவியர் ஒருவரை இவ்விதழில் நினைவுகூர்கிறோம்.

பீகாரின் மிதிலைப் பகுதியில் 1928இல் பிறந்தவர் கங்கா தேவி. அங்கே மணமக்களின் அறைச் சுவரில் தாமரையும் மூங்கிலும் வரைவது பெண்களின் மரபு. நம் வாசற்கோலத்தைப் போலவே, தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் கலை அது. 1960களில் பீகாரை வாட்டிய வறட்சிக்குப் பின், பிழைப்புக்கு வழியாக அவ்வோவியம் சுவரிலிருந்து தாளுக்கு வந்தது. குழந்தை இல்லாத நிலையில் கணவர் மறுமணம் செய்துகொள்ள, ஆதரவிழந்த கங்கா தேவிக்கு ஓவியமே வாழ்வாயிற்று. 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பின்னர் அவரைப் புற்றுநோய் பற்றியது. டெல்லியில் சிகிச்சை பெற்ற காலத்தில், தம் நோயையும் மருத்துவமனை நாட்களையும் ஓர் ஓவியத் தொடராக வரைந்தார். தெய்வங்களையும் திருமணங்களையும் வரைந்த அதே மிதிலைக் கோடுகளே மருத்துவமனையையும் வரைந்தன. அறிமுகமற்ற அவ்விடம் அவருடைய ஊரின் வழக்கில் தாளில் பதிந்தது. சிகிச்சையின் நடுவிலேயே, டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு மணவறையின் சுவர்களையும் வரைந்தார். 1991இல் மறைந்தார். ஓவியம் அவர் நோயைத் தீர்க்கவில்லை. எனினும், நோயாளி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர் அடங்கிவிடாமல் காத்தது.

நம் படுக்கையருகிலும் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டு முற்றம், ஊர்க் குளம், பேருந்து நிறுத்தம், பிள்ளையின் முகம் என மனத்தில் எழுவதை வரையலாம். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தால், நோயாளி சொல்லச் சொல்ல உடனிருப்பவர் வரையலாம். மொழி புரியாத இடத்தில், வலிக்கும் இடத்தை வரைந்து செவிலியரிடம் காட்டலாம். களைப்புற்றால் மூடி வைத்துவிடலாம். எங்களிடம் அந்நோட்டைக் காட்ட விரும்பினால், மகிழ்ந்து பார்ப்போம். உங்கள் ஊரைப் பற்றியும் கேட்போம்.