ஒரு டேங்க் டீசலில் கன்னியாகுமரி

டீசலில் ஓடும் மோட்டார்சைக்கிள் இந்தியாவுக்குப் புதிதன்று. அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடாமல், பெரிய தொழிற்சாலையொன்றில் தொடர் உற்பத்தியாகி, பதிவு எண் பெற்று, ஊர்ச் சாலைகளில் பால் கேன்களையும் குடும்பங்களையும் சுமந்து ஓடிய வண்டியாகும். 1955-இல் தொடங்கப்பட்டு, சென்னை திருவொற்றியூரில் புல்லட் தயாரித்துவந்த என்ஃபீல்டு நிறுவனம், கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சி.சி. டீசல் எஞ்சினைப் புல்லட்டின் உடலில் பொருத்தி 1990-களில் விற்ற ‘டாரஸ்’ என்னும் அந்த வண்டியின் உற்பத்தி, 2000-ஆம் ஆண்டையொட்டி நின்றுபோனது. அதன் பின்னர் இந்தியச் சந்தையில் பெரிய நிறுவனம் எதுவும் அத்தகைய வண்டியைக் கொண்டுவரவில்லை என்றாலும், டீசல் பம்பும் எரிபொருள் தெளிப்பானும் செய்யும் தொழில் வேரூன்றிய நகரமாகவும், விடுமுறை வந்தால் மோட்டார்சைக்கிளில் தொலைதூரம் புறப்படுவோர் மிகுந்த நகரமாகவும் உள்ள பெங்களூரிலிருந்து பார்க்கும்போது, நெடுந்தூரப் பயணத்துக்கு டீசல் வண்டி மீண்டும் வர இயலுமா என்ற கேள்வி ஆராயத்தக்கதாகவே இருக்கிறது.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றவைக்கப்படுகிறது. டீசல் எஞ்சினிலோ காற்று மட்டுமே உள்ளிழுக்கப்பட்டு, பதினேழு முதல் இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுவதால் 500 பாகை செல்சியசையும் கடந்து சூடேற, அந்தச் சூட்டில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அழுத்த விகிதம் உயர்ந்திருப்பதால் எரிபொருளின் வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலையாக மாறுகிறது. காற்று வரும் வழியை அடைக்கும் திராட்டில் இல்லாததால், பாதிச் சுமையில் ஓடும்போதும் சக்தி வீணாவது குறைகிறது. இவற்றோடு ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு மிகுதியாகும். ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓடவேண்டிய லாரிக்கும் ரயிலுக்கும் கப்பலுக்கும் டீசல் பொருந்தியதற்கு இவையே காரணங்கள். நெடுந்தூர மோட்டார்சைக்கிளின் தேவையும் அதே வகைப்பட்டதுதான்.

டாரஸ் அந்தத் தேவையை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதன் எஞ்சின் 6.5 குதிரைத்திறன் தந்தது. வண்டி மணிக்கு 65 கிலோமீட்டர் வரை ஓடியது. லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கும் மேல் கிடைத்தது. 14 லிட்டர் அளவுள்ள டேங்கை ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் செல்லலாம் என்பதால், பெங்களூரில் புறப்பட்டு ஓசூர், சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியை அடைந்து, திரும்பும் வழியில் மதுரை வரையிலும் கூட வந்துவிட முடியும். அக்காலத்துப் பெட்ரோல் புல்லட் இதில் பாதித் தூரமே சென்றிருக்கும். அரசு நிர்ணயித்த விலையில் எரிபொருள் விற்கப்பட்ட 1990-களின் தொடக்கத்தில் டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிக்கும் குறைவாக இருந்ததால், தூரத்தில் இரு மடங்கு, விலையில் பாதி என்று இரண்டு லாபங்களும் சேர்ந்து, ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு நான்கில் ஒரு பங்குக்கு இறங்கியது. கிராமப்புறத்தில் நாள்தோறும் சுமையோடு அலைந்தவர்களுக்கு இது சிறிய தொகையன்று. டீசல் வண்டியைக் கேலிப்பொருளாக நினைப்போர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கவேண்டும்.

ஆயினும், அந்த மைலேஜ் முழுவதையும் டீசலின் கணக்கில் எழுதிவிடுவது சரியாகாது. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் மோட்டார்சைக்கிளின் முன்னேற்றத்தைத் தடுக்கும் பெரும் விசை காற்றுத்தடையே ஆகும். அதை வெல்வதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்கு தேவைப்படுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஐந்தாறு குதிரைத்திறனோடு நிறைவடையும் வண்டி, 100 கிலோமீட்டரைத் தொடர்ந்து தாங்க வேண்டுமானால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு திறன் கேட்கும். டாரஸ் அவ்வளவு வேகம் போக இயலாத வண்டி என்பதாலேயே அவ்வளவு சிக்கனமாகவும் இருந்தது. மெதுவாகப் போவதே போதும் என்றால், அதற்கு டீசலும் 200 கிலோவை நெருங்கும் எடையும் வேண்டியதில்லை என்பதை 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 முன்னதாகவே காட்டியிருந்தது. இலகுவான, 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் கொண்ட அந்த வண்டி லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. டீசல் மோட்டார்சைக்கிளை வீழ்த்தியவற்றுள் புகைச் சட்டத்துக்கு முன்னால் வைக்கவேண்டியது இந்தச் சிறிய பெட்ரோல் வண்டியைத்தான்.

வேகக் குறைவு இன்று முன்னைவிடப் பெரிய தடையாகிவிட்டது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 119 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில், அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இரு சக்கர வண்டிகள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் முதலியன செல்லத் தடை விதிக்கப்பட்டது. விரைந்து வரும் கார்களுக்கும் மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு விபத்துக்கு வழிவகுக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விரைவாக ஓடக்கூடிய மோட்டார்சைக்கிள்களையும் சேர்த்தே விலக்கியது நியாயமா என்ற வாதம் தனியாக இருக்க, லாரிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் வேகத்தில் பயணிப்பது நான்குவழிச் சாலைகளில் ஆபத்தானது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

அப்படியானால் வேகமாகச் செல்லும் டீசல் மோட்டார்சைக்கிளைச் செய்ய முடியாதா? முடியும், செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவான எஞ்சின் வடிவமைப்பைக் கொண்டு, கவாசாகி கே.எல்.ஆர். 650 வண்டியின் உடலில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 2000-களில் அந்நாட்டு மரைன் படைக்கு வழங்கியது. அதன் திறன் சுமார் 30 குதிரைத்திறன். மைலேஜ் லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அதாவது அதே உடலில் பெட்ரோல் எஞ்சின் தருவதைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. போர்க்களத்தில் டாங்கி முதல் மோட்டார்சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே வகை எரிபொருள் என்ற இராணுவக் கொள்கை அதற்கு ஒரு வாடிக்கையாளரை உறுதிசெய்ததால்தான் அந்த முயற்சி நிலைபெற்றது. நெதர்லாந்தில் ஸ்மார்ட் காரின் 800 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சினைக் கொண்டு செய்யப்பட்ட ‘டிராக்’ என்னும் சுற்றுலா மோட்டார்சைக்கிளுக்கு அப்படியொரு வாடிக்கையாளர் இல்லை. திறமையாக உருவாக்கப்பட்ட வண்டியாக இருந்தும், அது மிகச் சிறிய எண்ணிக்கையிலேயே வெளிவந்தது.

விலை எங்கே ஏறுகிறது என்பதற்கு பெங்களூரின் ஆடுகோடி பகுதியே விளக்கம் தரக்கூடியது. 1951-இல் தொடங்கப்பட்டு, மைக்கோ என்ற பெயரில் தலைமுறைகளுக்கு அறிமுகமாகி, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய நிறுவனம், இந்தியாவின் லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேண்டிய டீசல் பம்புகளைப் பல பத்தாண்டுகளாக அங்கேதான் செய்தது. அதன் பெயரால் மைக்கோ லேஅவுட் என்ற குடியிருப்பே இருக்கிறது. டீசல் எஞ்சினின் உயிர் இந்தப் பம்பிலும் தெளிப்பானிலும் உள்ளது. டாரஸ் காலத்து இயந்திரப் பம்புகள் காற்றழுத்தத்தைப்போல இருநூறு மடங்கு அளவிலான அழுத்தத்தில் எரிபொருளைத் தெளித்தன என்றால், இன்றைய காமன் ரயில் முறையில், அதாவது எல்லாத் தெளிப்பான்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைத் தேக்கி மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் முறையில், அழுத்தம் 1600 முதல் 2000 மடங்கு வரை செல்கிறது. மைக்ரான் அளவில் பிசகாமல் கடையப்படவேண்டிய இந்த உறுப்புகளின் விலை, எஞ்சின் சிறியதாகிறது என்பதற்காக அதே விகிதத்தில் இறங்குவதில்லை. சிறிய டீசல் எஞ்சினுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டாக விளங்கிய மாருதி சுசூகியின் 793 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், 2015-இல் செலேரியோ காரில் 47 குதிரைத்திறனோடு வந்து, லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர் என்ற சான்றிதழும் பெற்றிருந்தும், இரண்டே ஆண்டுகளில் அந்தக் காரிலிருந்து விலக்கப்பட்டது. காருக்கே கட்டுப்படியாகாத செலவை மோட்டார்சைக்கிள் தாங்குவது கடினம்.

புகையின் கணக்கு இதைவிடக் கடுமையானது. டீசல் வாகனப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் டீசல் இரு சக்கர வண்டியைத் தடை செய்யவில்லை; ஆனால் கரித்துகளுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் வைத்துள்ள வரம்பை எட்டவேண்டுமானால் துகள் வடிகட்டியும் வேறு சில சாதனங்களும் தேவைப்படும். வடிகட்டியில் சேரும் கரி அவ்வப்போது எரிந்து சாம்பலாக வேண்டும். அதற்குப் புகைக்குழாய் 550 பாகைக்கு மேல் சூடாகவேண்டும். நெடுஞ்சாலையில் அந்தச் சூடு எளிதாகக் கிடைத்துவிடும் என்றாலும், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து நகரும் வண்டிக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது ஓட்டுநரின் காலுக்கு அருகிலேயே இருக்கும். பழைய டாரஸ் வண்டியைப் பேணி வைத்திருப்போருக்கும் வட இந்தியப் பயணம் எளிதன்று: பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த ஆணை, லடாக் செல்லும் வழியின் நடுவே நிற்கிறது.

லடாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். டீசலின் பெருமையும் பலவீனமும் ஒருங்கே தெரியும் இடம் அது. பெங்களூரிலிருந்து 3000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லேவுக்கு மணாலி வழியாகச் செல்வோர், தாண்டி என்ற இடத்தில் டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த அங்குள்ள பலகை பயணிகளிடையே பெயர்பெற்றது. பெட்ரோல் வண்டியில் கேன் கட்டிச் செல்வோர் பலர். டாரஸ் போன்ற வண்டிக்கு அந்தத் தூரம் ஐந்தாறு லிட்டரில் முடிந்துவிடும். ஆனால் குளிர் கூடினால் டீசலிலுள்ள மெழுகுப் பொருள் உறைந்து குழாய்களை அடைத்துவிடுகிறது. மைனஸ் 33 பாகையிலும் உறையாத தனி வகை டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென அறிமுகப்படுத்தியது இதனால்தான். 5000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை நெருங்கி இறங்குவதால், டர்போ இல்லாத 6.5 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே கரும்புகை கக்கிக்கொண்டு முதல் கியரில் திணறும்.

அதிர்வையும் மறந்துவிடலாகாது. ஒற்றைச் சிலிண்டரில் அவ்வளவு அழுத்தம் ஏறி இறங்கும்போது பிறக்கும் நடுக்கம், நாள் முழுதும் கைப்பிடி வழியாக உடலில் இறங்குகிறது, உதிரிகளும் தளர்கின்றன.

டீசலுக்கு ஆதரவாக எஞ்சியிருக்கும் வலுவான வாதம் தாவர எண்ணெய். கன்னடத்தில் ஹொங்கே என்று வழங்கும் புங்கமரத்தின் எண்ணெயில் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டலாம் என்பதை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசாவும் அவருடைய குழுவினரும் கர்நாடகக் கிராமங்களிலேயே செய்து காட்டினர். சாலையோர நிழல்மரத்தின் வித்திலிருந்து பம்புசெட்டும் விளக்கும் இயங்கியது பெருமைக்குரிய பணி. எனினும் ஒரே நிலையில் நின்று ஓடும் ஜெனரேட்டருக்குப் பொருந்துவது, நுண்ணிய தெளிப்பான்களைக் கொண்ட காமன் ரயில் எஞ்சினுக்கு அப்படியே பொருந்தாது. கெட்டியான எண்ணெயை வேதிமாற்றத்தால் பயோடீசலாக்கிய பிறகே பயன்படுத்த முடியும். அப்போதும் நெடுஞ்சாலை பங்க்குகளில் அது கிடைக்கவேண்டும்.

விலைச் சலுகையும் முன்போல் இல்லை. 2010-இல் பெட்ரோலும் 2014-இல் டீசலும் அரசின் விலைக்கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதால் இடைவெளி சுருங்கி, 2025-இல் பெங்களூரில் பெட்ரோல் 103 ரூபாயையும் டீசல் 91 ரூபாயையும் ஒட்டி விற்றன. பத்துப் பன்னிரண்டு ரூபாய் வேறுபாட்டுக்காக எவரும் புதியதோர் எஞ்சினை உருவாக்கப் போவதில்லை. ஆகவே தொழிற்சாலையில் செய்து விற்கும் டீசல் மோட்டார்சைக்கிள் இந்தியச் சாலைக்குத் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் அது எட்டிக் காட்டிய தூரம் மின் மோட்டார்சைக்கிள்களால் இன்னும் எட்டப்படாமல் இருக்கிறது. பெங்களூரில் உருவான அல்ட்ராவயலட் நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட எஃப் 77 மின் மோட்டார்சைக்கிளின் பெரிய பேட்டரி 10.3 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்குகிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த ஒரு லிட்டருக்கு ஈடான மின்சாரத்தில், சோதனை நிலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் செல்ல முடியும் என்று நிறுவனம் அறிவித்தது. டாரஸ் அதே ஆற்றலில் 70 கிலோமீட்டர்தான் சென்றது. ஆற்றலைச் செலவிடுவதில் மின் மோட்டார் இவ்வளவு முன்னே நிற்கிறது. சேர்த்து வைப்பதிலோ நிலைமை தலைகீழ். டாரஸ் சுமந்த 14 லிட்டர் டீசலின் எடை 12 கிலோவுக்கும் குறைவு, நிரப்ப ஆகும் நேரம் சில நிமிடங்கள். அதே 1000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்க எஃப் 77 போன்ற வண்டிக்கு அத்தகைய பேட்டரிகள் மூன்றுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பேட்டரியை மோட்டார்சைக்கிளில் ஏற்ற இயலாது என்பதால், ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாகவேனும் இரு சக்கர வண்டிகளுக்கான விரைவு மின்னேற்ற நிலையங்கள் அமையவேண்டும். கார்களுக்கென நெடுஞ்சாலையோர உணவகங்களில் இப்போது நிறுவப்படும் மின்னேற்றிகளில் மோட்டார்சைக்கிளுக்கும் ஏற்ற இணைப்பு இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்குவது அதற்கு முதல் படியாகும்.