பூட்டும் திறவுகோலும் – 6: லைடன் தீவிலிருந்து ஒரு கேள்வி

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குள் இறங்கினால், அல்லைப்பிட்டி, மண்கும்பான் தாண்டி வருகிறது சாட்டி. வெள்ளை மணல், இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடந்து போகக்கூடிய கடல், கடலோடிகளின் காவலாகக் கும்பிடப்படும் சிந்தாத்திரை மாதா கோயில். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இவ்வளவுதான் சாட்டி. தீவகத்தாருக்கு அந்தப் பெயர் முதலில் நினைவூட்டுவது தண்ணீரை. கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் சாட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறும்.

அது எப்படி? மணலுக்குள்ளும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் அது உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு அந்த வில்லை தாழ்ந்திருக்கும் என்பது நீரியலின் பழைய கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்புநீர் அதே 40 அடிக்கு மேலேறும். ஒருமுறை உவர்த்த கிணறு பழைய நிலைக்கு வர எத்தனையோ மாரிகள் வேண்டும்.

இந்தக் கணக்கு தீவகத்தில் வாளி விடும் ஒவ்வொருவருக்கும் தேவை. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரைப் பற்றி, அதில் ஏறிவரும் நைத்திரேற்றைப் பற்றி, பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வேலணையில் புவியியல் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் அந்த ஆய்வுகளைத் தேடிக் கைபேசியைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு வருகிறது. பத்து வரிச் சுருக்கம் வருகிறது. அதற்குக் கீழே, பல கட்டுரைகளுக்கு, ஒரு சிறிய பெட்டி: முழுக் கட்டுரையை வாசிக்க 30 அல்லது 40 டொலர். இலங்கைக் காசில் பத்தாயிரம் ரூபாய் அளவில். கிணறு இங்கே, அதிலிருந்து அள்ளிய நீர்மாதிரி இங்கே, அதை ஆராய்ந்தவரும் பெரும்பாலும் இங்கே வேலை பார்ப்பவர். பூட்டு மட்டும் எங்கோ இருக்கிறது.

பெயரில் ஒரு தொடர்பு

1665இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய முதல் அறிவியல் ஆய்விதழின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ப்ட் ஆனது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. சாட்டியும் வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கிற தீவு லைடன் ஆனது.

அந்த லைடன் நகரத்தில்தான் 1580இல் லூயி எல்செவியர் என்பவர் புத்தக வியாபாரம் தொடங்கினார். அவருடைய வழிவந்தவர்கள் ஐரோப்பாவின் பேர்பெற்ற அச்சகத்தாராக வளர்ந்தார்கள். கலிலியோவின் எழுத்துக்குத் திருச்சபையின் விசாரணை மன்றம் தடை போட்டிருந்த காலத்தில், இரு புதிய அறிவியல்களைப் பற்றிய அவருடைய கடைசிப் பெருநூலை 1638இல் துணிந்து அச்சிட்டவர்கள் லைடனின் எல்செவியர்கள். அந்தக் குடும்பத்தின் அச்சகம் 1712இல் மூடப்பட்டது. 1880இல் ரொட்டர்டாமில் தொடங்கிய ஒரு புதிய பதிப்பகம், பழைய குடும்பத்தின் பெயரையும் மரச் சின்னத்தையும் தனக்கு எடுத்துக்கொண்டது. இன்று ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்டு உலகின் மிகப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்களுள் ஒன்றாக விளங்கும் எல்செவியர் அதுதான்.

தடைசெய்யப்பட்ட நூலுக்குக் கதவு திறந்த ஒரு பெயர், இன்று கட்டணக் கதவுகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது. எல்செவியரை உள்ளடக்கிய ரெலெக்ஸ் குழுமத்தின் அறிவியல், மருத்துவப் பிரிவு 2023இல் ஈட்டிய இலாபம், வருமானத்தில் ஏறத்தாழ 38 விழுக்காடு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. வியப்பெல்லாம் சரக்கு வந்து சேரும் வழியில்தான். ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசு. கட்டுரை எழுதுபவருக்கு ஆய்விதழ் ஒரு சதமும் கொடுப்பதில்லை. கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்லும் மதிப்பீட்டாளரும் இலவசமாகவே உழைக்கிறார். பிறகு எழுதியவர் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கிறார். அதே அரசின் காசில் நடக்கும் பல்கலைக்கழக நூலகம் அந்தக் கட்டுரையைச் சந்தா கட்டித் திரும்ப வாங்குகிறது.

கதவு இடம் மாறிய கதை

இந்தச் சுற்றை உடைக்க முதலில் முனைந்தவர்கள் ஆய்வாளர்களே. 1991 ஓகஸ்டில் அமெரிக்க இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க், அச்சேறுமுன்பே கட்டுரைகளைப் பகிரும் ஆர்க்சிவ் தளத்தைத் தொடங்கினார். 1998இல் பிரேசில் சியெலோ தளத்தைத் தொடங்கி, தன் ஆய்விதழ்களைப் பொதுப்பணத்தில் இணையத்தில் திறந்து வைத்தது. 2002 பெப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இந்த முயற்சிகளுக்கு ஒரு பொதுப்பெயர் கொடுத்தது: திறந்த அணுக்கம். ஆய்வுக் கட்டுரையை எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம், படியெடுக்கலாம், பகிரலாம். எழுதியவருக்கு உரிய பெயரைச் சொன்னால் போதும்.

பெரிய பதிப்பகங்கள் இதைச் சில காலம் எதிர்த்தன. பிறகு அதிலேயே ஒரு வருமான வழியைக் கண்டன. வாசகரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் வாங்குவது. 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவிப்பு வந்தது. அவ்வளவு புகழில்லாத இதழ்களிலும் இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் கேட்பது வழக்கமாகிவிட்டது. நடுத்தர வருமான நாடுகளுக்குப் பாதி தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். ஆயிரம் டொலரே யாழ்ப்பாணத்தில் ஒரு விரிவுரையாளருக்கு எட்டாத தொகை. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. ஆய்வு அதேதான், கட்டுரை அதேதான். கட்டணம் மட்டும் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

வாசிப்பவருக்குத் திறந்த கதவு எழுதுபவரின் முகத்தில் சாத்தப்பட்டது. இந்த நெருக்குதலுக்குள்தான் போலி ஆய்விதழ்கள் நுழைந்தன. 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று மின்னஞ்சல் அனுப்பி, நூறு இருநூறு டொலரை வாங்கிக்கொண்டு, எவரும் படித்துப் பார்க்காமலே கட்டுரையை ஏற்றிவிடும் கடைகள் இவை. இத்தகைய இதழ்களில் 2014இல் மட்டும் 4,20,000 கட்டுரைகள் வந்திருக்கலாம் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் வழக்கம் நீடிக்கும்வரை இந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர் குறையப்போவதில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியா வேறு வழியில் போயிருக்கிறது. 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். சிறிய ஊர்க் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம். ஆனால் இது நிறுவனத்துக்குள் இருப்பவருக்கான சாவி. இராமேசுவரத்துக் கரையில் கடல்வளம் குறைவது ஏன் என்று அறிய விரும்பும் மீனவருக்கு அந்தக் கதவு பூட்டியே இருக்கும்.

கரம்பனில் பிறந்தவர்

இதே லைடன் தீவின் வடக்கே, ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில், 1913 ஓகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். தமிழைப் பற்றித் தமிழர் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது, உலக ஆய்வாளர் நடுவே வைத்துப் பேச வேண்டும் என்று 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். பிராகாவின் கமில் சுவெலபில் போன்றவர்கள் அதில் எழுதினார்கள். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் அவரே முன்னின்றார்.

அவர் செய்த இன்னொரு வேலை இந்தத் தொடருக்கு மிக நெருக்கமானது. அந்தாவோ த புரொயென்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. காலப்போக்கில் அதன் படிகள் அழிந்து, ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் தங்கியது. அடிகளார் அதை அங்கே கண்டறிந்தார். கண்டேன் என்று ஒரு கட்டுரை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. நூல் முழுவதையும் ஒளிப்பட நகலாக 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். 287 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அகராதி நூலக அடுக்குகளுக்குத் திரும்பியது. திறந்த அணுக்கம் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பொருளைச் செய்து காட்டியவர் இந்தத் தீவின் பிள்ளை.

ஒரே படி ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தை யாழ்ப்பாணம் 1981 மே 31 இரவுக்குப் பின் கண்ணால் கண்டது. பொதுநூலகத்தோடு எரிந்தவை சுமார் 97,000 நூல்கள். அடிகளார் அதற்கு முந்தைய ஆண்டு மறைந்திருந்தார்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் அங்கே பல்லாயிரக்கணக்கில் எவருக்கும் திறந்திருக்கின்றன. அந்த வேலையின் நடைமுறை மிக எளியது, மிக மெதுவானது. துருவேறிய கம்பிகளைக் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மடிந்த ஓரங்களை நீவி வருடியின் கண்ணாடியில் வைத்து, பக்க எண் தவறாமல் பார்த்து, பிறகு ஆசிரியர், ஆண்டு, அச்சகம் என்று விவரம் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கத்தில் இறந்தவர் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் 'கல்வெட்டு' என்னும் சிறு நூலைப் பலர் ஒருமுறை புரட்டிவிட்டு மூலையில் போட்டுவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் ஊரின் வரலாற்றுத் துணுக்கும் அதில்தான் கிடக்கும். அதற்கும் நூலகத்தில் இடமுண்டு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். 1980இல் மறைந்த ஒருவரின் எழுத்து, உரியவர்கள் மனம் வைத்தாலன்றி, 2050 முடியும்வரை பூட்டிலேயே இருக்கும். ஆகவே அனுமதி என்ற ஒரு வரிக் கடிதம் இங்கே பெரிய உதவி.

செலவில்லாத வழி

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் செலவில்லாத வழி உண்டு. பல பெரிய பதிப்பகங்கள், மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க எழுதியவருக்கு அனுமதி தருகின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை, ஷெர்ப்பா ரோமியோவின் இடத்துக்கு வந்த 'ஓப்பன் பாலிசி பைண்டர்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் தனக்கென ஒரு களஞ்சியத்தை நடத்துகிறது. 2008இல் தொடங்கிய 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இலங்கையின் ஆய்விதழ்கள் பல, எவரும் வாசிக்கும்படி இருக்கின்றன. வழி இருந்தும் பலர் அதில் நடக்காதது, கேட்பார் இல்லாததால்தான்.

எனவே கேட்போம். யாழ்ப்பாணத்து மண்ணையும் நீரையும் மக்களையும் ஆராய்ந்து எழுதியவர்கள், தங்கள் கணினியில் கிடக்கும் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை இந்த மாதமே களஞ்சியத்தில் சேர்க்கட்டும். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றையும் உடன் வைக்கட்டும். தீவகத்திலும் கனடாவிலும் இலண்டனிலும் வீட்டு அலுமாரிகளில் பழைய மலர்களையும் கல்வெட்டுகளையும் வைத்திருப்பவர்கள், கறையான் முந்துவதற்குள் வருடி எடுக்கக் கொடுக்கட்டும். சாட்டிக் கிணற்றைப் பற்றிய ஆய்வை, சாட்டியில் தண்ணீர் அள்ளுகிறவர் காசு கொடுக்காமல் வாசிக்க வேண்டும்.

(தொடரும்)