செக்கு வாங்கும் முன் ஒரு பயிற்சி!

திருப்பூர் மாவட்டம், அவிநாசியை அடுத்த சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நிலக்கடலை மூட்டையோடு வரும் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. 'காயாக விற்காமல், நாமே எண்ணெய் ஆட்டி விற்றால் என்ன?' வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். தோட்டத்தில் கடலை, கட்டுத்தரையில் இரண்டு மாடு. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு இது நல்ல யோசனைதான். ஆனால், கடன் வாங்கிச் செக்கு இறக்கும் முன்பு கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

வான்கோழி சொன்ன பாடம்

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய 'அஃப்ளடாக்சின்' நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால், பாலிலும் அதன் கூறு வந்துவிடும்.

நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் நம் நாட்டில் அனுமதி. ஐரோப்பிய நாடுகளில் 4 மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். ஆனால், தடுக்கும் வேலை நம் களத்தில்தான் இருக்கிறது.

களத்தில் கவனிக்க

* கடைசி ஒரு மாதம் பயிர் வறட்சியில் வாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* உடைந்த காய், பூச்சி துளைத்த காய், முளைவிட்ட காய்களைப் பிரித்துவிடுங்கள்.
* பறித்த காயில் 35 சதவிகிதத்துக்கும் மேல் ஈரம் இருக்கும். அதை 8 சதவிகிதத்துக்குக் காயவையுங்கள். குலுக்கினால் பருப்பு சலசலக்க வேண்டும். தேய்த்தால் தோல் உரிய வேண்டும்.
* மூட்டைகளைத் தரையில் போடாமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

எங்கே கற்கலாம்?

கோவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம், மதிப்புக்கூட்டல் குறித்த குறுகிய காலப் பயிற்சிகளைக் கட்டணத்துடன் நடத்துகிறது. தஞ்சாவூரில், தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் (நிஃப்டெம்) இருக்கிறது. அங்கே பயிற்சியோடு, உணவுப் பரிசோதனைக் கூடமும் தொழில் தொடங்குவோருக்கான ஊக்குவிப்பு வசதியும் உண்டு. ஆராய்ச்சியாளர், இயந்திரம், சந்தை அறிந்தவர் மூவரையும் ஒரே கூரையின்கீழ் கேள்வி கேட்க இதுபோன்ற இடங்களே வாய்ப்பு.

கேட்க வேண்டியதை முன்பே எழுதி எடுத்துச் செல்லுங்கள். 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதில் பாதிக்குப் பாதி எண்ணெய்ச் சத்து இருந்தாலும், மரச்செக்கில் அத்தனையும் இறங்காது. 'லிட்டருக்கு அடக்கவிலை என்ன? புண்ணாக்கு எவ்வளவுக்குப் போகும்? எண்ணெய் எத்தனை மாதம் கெடாது? பரிசோதனைக்கு என்ன செலவு?' இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு இயந்திரத்துக்கு விலை கேளுங்கள்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்கள் திட்டத்தில், வங்கிக் கடனுடன் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மானியம் பாதிச் சுமையைக்கூட இறக்காது. மீதிக் கடன் நம் தலையில்தான். எனவே, முதல் முதலீடு தார்ப்பாயிலும் பயிற்சிக் கட்டணத்திலும் இருக்கட்டும்.

கடலை உலர்த்துவது, சேமிப்பது, எண்ணெய் ஆட்டுவது பற்றிய உங்கள் சந்தேகங்களைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.