மண்ணுக்குச் சோப்பு வேண்டுமா?

தாம்பரத்திற்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் செல்லும் அன்பர்கள் ஊரப்பாக்கத்தை இன்று விவசாய கிராமமென்று கருதமாட்டார்கள். அடுக்கு வீடுகளும், மனைப்பிரிவுப் பலகைகளும், 2023 டிசம்பரில் பக்கத்திலேயே திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தின் ஆரவாரமுமே அவர்கள் கண்ணில் படும். ஆயினும், ஏரிப் பாய்ச்சலை நம்பி நெல்லும், கிணற்று நீரை நம்பிக் கீரையும் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் குடும்பங்கள் இச்சுற்றுப்புறத்தில் அடியோடு அற்றுப்போய்விடவில்லை. அவர்கள் பொருட்டே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

45 கிலோ யூரியா மூட்டைக்கு விலை 266 ரூபாய் 50 காசு. இது சர்க்கார் விதித்த விலை. ஆனால் மூட்டையோடு ஏதாவதொரு புட்டியையும் சேர்த்து வாங்கினாலொழிய மூட்டை கிடையாது என்று சொல்லும் துர்ப்பழக்கம் நாட்டின் பல பாகங்களிலும் வேரூன்றியிருக்கிறது. இவ்வாறு இணைத்து விற்கலாகாதென்று மத்திய சர்க்காரும் மாநில விவசாய இலாகாவும் பலமுறை எச்சரித்தும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. அத்தகைய புட்டிகளில் ஒரு வகை, குடியானவர்கள் ‘ஒட்டும் திரவம்’ என்று வழங்கும் பொருளாகும். பூச்சி மருந்தோடு கலந்தால் மருந்து இலையில் ஒட்டும் என்பதோடு விற்பவர்கள் இப்போது நிற்பதில்லை. உரத்தோடு கலந்தால் மண் மிருதுவாகும், வேர் ஆழ ஓடும், பாதி உரமே போதும் என்றெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் வாக்களிக்கின்றன. இவற்றில் எது மெய், எது மிகை? உழவன் பணம் கொடுப்பதற்கு முன் அறிந்துகொள்ள உரிமையுள்ள கேள்வி இது.

இத்திரவம் என்ன? விசித்திரப் பொருளொன்றுமில்லை, நம் வீட்டுச் சோப்பின் உறவினமே. இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை நாடும் தலையொன்றும், நீரை வெறுத்து எண்ணெயை நாடும் வாலொன்றும் உண்டு. நீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லி நியூட்டன். அதனால்தான் நீர்த்துளி முத்துப்போல் உருண்டு நிற்கிறது. சிறிது சோப்பு சேர்ந்தால் அவ்விசை 30 அளவுக்கு இறங்குகிறது. சிலிக்கான் கலந்த புது வகைகள் 20, 22 வரையிலும் இறக்கிவிடுகின்றன. இழுவிசை குறைந்தால் துளி உருண்டோடாமல் படர்ந்து நனைக்கிறது.

நெற்பயிரின் இலையை எடுத்துக்கொள்வோம். அதன்மீது கண்ணுக்குத் தெரியாத மெழுகுத் துகள்கள் படிந்திருக்கின்றன. தாமரை இலைமேல் நீர் நில்லாததுபோலவே நெல் இலைமேலும் நில்லாது. வெறும் நீரில் கலக்கிய மருந்தை முதுகுத் தெளிப்பானால் அடித்தால் பெரும்பகுதி இலையினின்று உருண்டு வயல் நீரில் விழுந்துவிடும். பணம் சேற்றில் போவதோடு, விஷமும் வயலை விட்டு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போகிறது. இங்கே லிட்டருக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை ஒட்டும் திரவம் சேர்ப்பது நியாயமான காரியம். பயறு பூக்கும் சமயத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைவழியாகத் தெளிப்பவர்களுக்கும் இது உதவும். அளவு மிஞ்சினாலோ, கரைசல் இலையில் தங்காமல் வழிந்தோடும், இலையும் கருகும். இரட்டிப்பு ஊற்றினால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணுவது பேதைமை.

இந்த வித்தை நமக்குப் புதிதுமன்று. 1907-ல் ஏற்பட்ட மதராஸ் மீன்வள இலாகாவை ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் நடத்திவந்த காலத்தில், மலபார்க் கரையில் மீனெண்ணெயிலிருந்து சோப்புக் காய்ச்சினார்கள். அது காப்பித் தோட்டத்துப் பூச்சிகளின்மேல் தெளிக்கப்பட்டது. இன்றும் மாவுப்பூச்சிக்கும் செதிற்பூச்சிக்கும் மீனெண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கிறார்கள். வேப்பங்கொட்டைச் சாறும் அப்படியே. ஐந்து கிலோ பருப்பை இடித்து இரவெல்லாம் பத்து லிட்டர் நீரில் ஊறவைத்து, விடியற்காலையில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடித்து, நூறு லிட்டராக்கிச் சோப்பைக் குழைத்துச் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் ஆயிற்று. அந்தச் சோப்பு இல்லாவிடில் சாறு இலையில் தங்காது. காதி சோப்பே இதற்குப் போதும்.

இதையும் பிறர் தமதென்று சொந்தங் கொண்டாட வந்தார்கள் என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேப்பெண்ணெயையும், அதை நீரோடு கலக்கவைக்கும் சோப்பினப் பொருளையும் இத்தனை சதவீதமெனச் சேர்த்துப் பயிரின் பூஞ்சாண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவும் கிரேஸ் என்னும் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் ஆட்சேபித்தார்கள். மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்பே இத்தகைய தெளிப்பு நடந்ததென்ற சாட்சியம் வைக்கப்பட்டது. 2000 மே மாதத்தில் காப்புரிமை ரத்தாயிற்று; 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. உரல், வேப்பங்கொட்டை, சோப்புக்கட்டி ஆகிய மூன்றுக்காக ஐரோப்பாவரை சென்று பத்தாண்டு வழக்காட நேர்ந்ததே!

இலையைப் பொறுத்தவரை இவ்வளவும் சரி. மண்ணுக்கு வருவோம். இங்கேதான் நாம் துண்டுப் பிரசுரங்களோடு மாறுபடுகிறோம்.

மண்ணை நனைக்கும் திரவங்கள் பயன்படும் இடங்கள் உலகில் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் லக்ஷக்கணக்கான ஏக்கரில், மட்கிய தழையின் மெழுகு மணற்துகள்களைப் போர்த்துக்கொள்வதால், மழை பெய்தும் மண் நனைவதில்லை. கோல்ப் மைதானங்களின் மணற்படுகையிலும் இந்நோய் வருகிறது. அவ்விடங்களில் இத்திரவம் ஊற்றினால் நீர் உள்ளே இறங்குவது பரீட்சித்தறிந்த உண்மை. ஆனால் செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிப் பாய்ச்சல் வயலுக்கு அந்நோய் இருக்கிறதா? இதைக் கண்டறிய எந்த ஆய்வுச்சாலையும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த மண்ணைப் பரப்பி அதன்மேல் சில துளி நீர் விடுங்கள். ஐந்து விநாடிக்குள் துளி மறைந்தால் உங்கள் மண் நீரை வெறுக்கும் மண்ணன்று. அதற்கு நனைக்கும் மருந்து தேவையில்லை.

நெல் வயலிலோ நிலைமை நேர்மாறானது. சேற்றுழவு எதற்காகச் செய்கிறோம்? நீர் கீழே இறங்காமல் நிற்கவேண்டுமென்றுதானே! மாடு கட்டியோ டிராக்டர் ஓட்டியோ மண்ணைக் குழப்பி அடிமட்டத்தை அடைத்துவிட்டு, பிறகு ‘நீரை விரைவில் இறக்கும்’ திரவத்தை அதே வயலில் ஊற்றுவது என்ன விவேகம்? நீரோடு கரைந்த தழைச்சத்தும் இறங்கிப்போனால் நஷ்டம் யாருக்கு?

மேட்டுநிலச் செம்மண்ணில் மழைக்குப்பின் மேலோடு இறுகி முளை வெளிவராமல் தவிப்பது மெய்யான கஷ்டம். அதற்குப் பரிகாரம் ஏக்கருக்கு ஐந்து டன் மட்கிய தொழுவுரமோ தென்னைநார்க் கழிவு மட்கோ இடுவதாகும். ஏரி வண்டலும் நல்ல மருந்து. 2017-லும் 2024-லும் அதை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள சர்க்கார் வழிசெய்தது. உரம் வீணாகாதிருக்க வேண்டுமானால் அதற்கும் வேம்பே துணை. 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வரவேண்டுமென்பது உத்தரவு. அதற்கு முன்பே யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம்பிண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும்படி நம் விவசாயப் பல்கலைக்கழகம் சொல்லிவந்தது. அப்பல்கலைக்கழகத்தின் வித்து 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளிக்கூடம் என்பதை இந்தப் பக்கத்து அன்பர்கள் அறிந்தால் சிறிது பெருமை கொள்ளலாம். அது 1906-ல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. ஊரப்பாக்கத்து உழவன் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லாமலே இவ்வினப் பொருள் அவனுடைய நீரைத் தேடி வருகிறது! தாம்பரத்துக்குத் தெற்கே வீடுகள் பெருகிய வேகத்தில் சாக்கடைத் திட்டம் பெருகவில்லை. சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் கழிவுநீரால் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. 2019 இறுதியில் மெரினாக் கடற்கரையில் வெண்ணுரை மலைபோல் குவிந்ததையும் மறக்கவில்லை. சலவைத் தூளிலுள்ள நுரைப்பொருள் காற்றோட்டமுள்ள நீரில் சீக்கிரம் சிதையும். காற்றில்லாத சேற்றிலும் சாக்கடை வண்டலிலும் எளிதில் சிதையாது. வீட்டுக் கழிவுநீரைத் தொடர்ந்து பாய்ச்சிய நிலங்களை இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, இப்பொருள் தங்கித் தங்கி, மண்ணே நீரை வெறுக்கத் தொடங்கியதைக் கண்டார்கள். தலை மண்ணைப் பற்றிக்கொள்ள, எண்ணெயை நாடும் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதே அதற்குக் காரணம். சலவைத் தூளின் சோடியமோ களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. நனைப்பதற்கென்று வந்த பொருள் நனையாமையை உண்டாக்குகிறது!

ஜீவராசிகளையும் எண்ணவேண்டும். களைக்கொல்லியில் கலந்திருந்த ஒருவகைத் துணைத்திரவம் தவளைக்குஞ்சுகளைக் கொல்வதாக அமெரிக்காவில் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. கிளைபோசேட் மருந்துகளில் அதைச் சேர்க்கலாகாதென்று 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. சிலிக்கான் வகைகள் தேனீக்களின் அறிவைக் குழப்புவதாகவும் பரிசோதனைகள் உண்டு. ஆகையால் பூத்த பயிரில் மாலையில் தெளிப்பதும், தெளிப்பானைக் கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும் கழுவாதிருப்பதும் அவசியம்.

நாம் சோப்பைப் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. இலைக்கு வேண்டிய அளவு இலைக்குப் போகட்டும். மண்ணின் பெயரைச் சொல்லி மூட்டையின் கழுத்தில் புட்டியைக் கட்டி விற்பதையே கண்டிக்கிறோம். அப்படி நிர்ப்பந்திக்கப்படும் விவசாயி ரசீது கேட்டு வாங்கி, வட்டார விவசாய உதவி இயக்குநரிடம் எழுத்துமூலம் புகார் செய்யவேண்டும். ரசீது இல்லாத புகார் காற்றோடு போய்விடும்.

ஊரப்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அந்நிலையத்தாருக்கு நமது விண்ணப்பம் ஒன்று: வருகிற நவரைப் பருவத்தில், இஷ்டப்படும் குடியானவரொருவரின் வயலில் பக்கத்துக்குப் பக்கம் பத்துப் பத்து சென்ட் பிரித்து, ஒன்றில் தொழுவுரமும் வண்டலும், மற்றொன்றில் அந்தப் புட்டித் திரவமும் இட்டு, இரண்டிலும் ஒரே அளவு யூரியாவும் நீரும் கொடுக்கட்டும். அறுவடையன்று ஊரார் முன்னிலையில் களத்திலேயே மரக்கால் கொண்டு அளக்கட்டும். செலவுக் கணக்கையும் விளைச்சல் கணக்கையும் ஒரே பலகையில் எழுதி உரக்கடை வாசலில் மாட்டட்டும்.